சிஸ்டம் சித்தரின் சிவப்புத் துணி

2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆம்பூர் பைபாஸ் ரோட்டுத் திருமண மண்டபத்தைத் தாண்டிப் போன வெளியூர்க்காரர்கள், உள்ளே சொட்டு மருந்து முகாம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அத்தனை பேர் மடியில் எதையோ ஏந்திக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் குழந்தை இல்லை, கம்ப்யூட்டர் பெட்டி. ஒன்றைத் துண்டில் சுற்றியிருந்தார்கள். ஒன்றுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். ஆட்டோவில் வந்த பெட்டிக்கு வெயில் படாமல் ஒரு அம்மாள் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாமியார் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாரும் சிஸ்டம் சித்தருக்காகக் காத்திருந்தார்கள்.

சித்தரின் பூர்வாசிரமப் பெயர் சுப்பராயன். ஜோலார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தவர். வேலை போனதும் சோளிங்கர் மலை ஏறியிருக்கிறார். பாதி வழியில் ஒரு குரங்கு அவருடைய பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதாம். போகும்போது திரும்பிப் பார்த்து ஞானத்தைக் கொடுத்துவிட்டுப் போனதாம். பையில் இருந்தது தயிர்சாதம். தயிர்சாதத்துக்கு ஞானம் மலிவான பேரம்தான்.

அந்த ஞானத்தை ஊர் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. திருட்டு மென்பொருள் சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று முந்தின வருஷம் ஒரு புரளி கிளம்பியது. தோல் கம்பெனி, கையுறைக் கம்பெனி, அச்சகம், பிரவுசிங் சென்டர் எல்லாம் பயந்துபோய் ஒரே மாதத்தில் லினக்ஸுக்கு மாறிவிட்டன. காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள், யாரும் வந்து பிடிக்க முடியாது. கம்ப்யூட்டர் பெட்டிகளும் பெரும்பாலும் ஒரே கடையில் வாங்கியவை, உள்ளே ஒரே மாதிரி கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் எல்லாத் திரையிலும் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று எல்லாரும் சரி என்றார்கள்.

அன்றிலிருந்து திரைக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

மவுஸால் ஒரு கட்டத்தை இழுத்தால் அது அனுமார் வால் போல நீண்டுகொண்டே வரும். பக்கத்தை நகர்த்தினால் எழுத்துகள் வரி வரியாக யோசித்து யோசித்து இறங்கும். கெட்டுப்போய் நின்றிருந்தாலாவது ரிப்பேருக்குக் கொடுத்திருப்பார்கள். ஓடவும் ஓடியது, உயிரையும் வாங்கியது. இப்படி இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு நம் ஊரில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. தோஷம்.

பரிகாரத்தில் சித்தர் மத பேதம் பார்க்கவில்லை. இந்துக்கள் கம்பெனி என்றால் எலுமிச்சம்பழம். கிறிஸ்தவர்கள் கம்பெனி என்றால் ஜெப எண்ணெய். முஸ்லிம் கம்பெனி என்றால் ஓதிய கறுப்புக் கயிறு. மூன்றும் ஒரே பையிலிருந்துதான் வந்தன. மத நல்லிணக்க மாநாடு நடத்துகிறவர்கள் அந்தப் பையைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும்.

பரிகாரம் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடச் சொல்வார். திரையையும் கீபோர்டையும் சேர்த்து ஒரு சிவப்புத் துணியால் மூடுவார். தன் இரண்டு கையையும் துணிக்குள் விடுவார். "எல்லாரும் கண்ண மூடுங்க. தோஷம் வெளிய வர்ற நேரம். பாத்தா பார்வை போய்டும்" என்பார். கொஞ்சம் முணுமுணுப்பு, கொஞ்சம் உறுமல். துணியை எடுத்தால் கம்ப்யூட்டர் பழையபடி பறக்கும்.

நம்பாமல் என்ன செய்வார்கள்? கண்ணெதிரே நடந்ததே! கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது நடந்ததைக் கண்ணெதிரே நடந்தது என்று சொல்கிற துணிச்சல் பக்தர்களுக்குத்தான் வரும்.

ஒரே ஒரு குறை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தோஷமும் கூடவே திரும்பி வந்துவிடும். அது மின்வெட்டுக் காலம். சித்தர் ஒரு தெருவில் தோஷம் கழித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதற்குள் முதல் தெருவில் கரண்ட் போயிருக்கும். "கட்டு அவுந்து போச்சு, மறுபடி கட்டணும்" என்று திரும்ப வருவார். மண்டபத்துக்குப் பெட்டியைத் தூக்கிவருகிறவர்களுக்கும் வீட்டுக்குப் போனதும் மறு கட்டு தனியாக உண்டு. யூபிஎஸ் வைத்திருந்தவர்களையும் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சிஸ்டத்தை அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். சனிக்கிழமை அவருக்கு நல்ல வருமானம்.

இந்த மகான் ஒருநாள் தேவானந்தத்தின் ஆபீசுக்கும் எழுந்தருளினார்.

தேவானந்தம் ஆம்பூரில் டிசைன் சென்டர் வைத்திருந்தார். ஷூவின் மேல்பாகத்தைத் தோலில் எப்படி வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டுக் கம்பெனிகளுக்குக் கொடுப்பது தொழில். அங்கே பேட்டர்ன் போடுகிறவள் முத்துமாரி. டிப்ளமோ படித்தவள். அவளுடைய அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் ரசாயனத் தண்ணீரில் நின்று நின்று மூச்சிரைப்பு வந்து வீட்டோடு கிடந்தார். இவள் கொண்டுவருகிற சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

திரை மெதுவானதும் அவள் வேலை நரகமாயிற்று. ஷூவைத் திருப்பிப் பார்க்க மவுஸை அசைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், வந்து பார்க்கும்போது குதிகால் மட்டும் திரும்பியிருக்கும். ஒரு பெரிய கம்பெனி சாம்பிளுக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. தேவானந்தம் வேர்த்துப்போய்ச் சித்தரைக் கூட்டிவந்தார்.

சித்தர் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்தார். மோந்து பார்த்தார். பிறகு, "அப்டேட்டுக்கு ஓகே அமுக்குன கை யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடதுதான்" என்றாள் முத்துமாரி.

"கையைக் காட்டு."

காட்டினாள். சித்தர் பாம்பைப் பார்த்தவர் போலப் பின்வாங்கினார்.

"ராசியில்லாத கை. அமாவாசையன்னிக்கு அமுக்கியிருக்கா. இந்தக் கை படற வரைக்கும் தோஷம் வந்துகினேதான் இருக்கும்."

"சார், அன்னிக்கு அமாவாசையே இல்ல" என்றாள் முத்துமாரி.

"பாத்தியா, எதுத்துப் பேச வைக்குது பாரு அந்த தோஷம்!" என்றார் சித்தர்.

தேவானந்தம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அமாவாசையில் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் சாம்பிள் அவசரத்துக்கு அமாவாசையையும் நம்பிவிட்டார். முத்துமாரியைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்து, தோல் துண்டுகளை நிறம் பிரிக்கிற குடோனுக்கு அனுப்பினார். மாதக் கடைசியில் வேறு வேலை பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

விஷயம் வெளியே பரவ வெகுநேரம் ஆகவில்லை. குடோனில் இருந்த பெண்கள் டீ பிளாஸ்க்கைக்கூட அவள் தொடுவதற்கு முன்னால் எடுத்து வைத்தார்கள். ஷூ கம்பெனியிலிருந்து தோல் எடுத்துப் போக வந்த ஆள், அவள் நீட்டிய கட்டை வாங்காமல், "கீழ வச்சிடுமா, நான் எடுத்துக்கறேன்" என்றான். முத்துமாரி கீழே வைத்தாள். அன்று வீட்டில் சாப்பிடும்போது தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுதுகொண்டே இருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினாள். உலகம் முழுக்க ஆட்கள் இதே வியாதியைப் பற்றி எழுதியிருந்தார்கள். யாரும் அமாவாசையைச் சொல்லவில்லை. லினக்ஸுக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற எல்லாச் சாமான்களையும் வேலை வாங்குவது அதுதான். படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்கென்று டிரைவர் என்கிற தனி நிரல் உண்டு. அது பழைய கெர்னலோடு பொருந்துகிற மாதிரி செய்யப்பட்டது. அப்டேட்டில் கெர்னல் புதிதாகிவிட்டது, டிரைவர் பழையதாகவே நின்றுவிட்டது. இரண்டும் ஒட்டவில்லை. கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, படம் வரைகிற வேலையும் பிராசஸர் தலையில் விழுந்தது. மெதுவாக வராமல் என்ன செய்யும்?

இதைத் தேவானந்தத்திடம் போய்ச் சொன்னாள்.

"அப்போ சாமி கைய வச்சதும் எப்டி ஸ்பீடா ஓடுது?" என்று கேட்டார் அவர்.

முத்துமாரி குடோனுக்குத் திரும்பிப் போனாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வழி காட்டியவர் தேவானந்தத்தின் மனைவி ஜெயசீலி. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் கண் வார்டில் நர்ஸ். ஊசியையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு தாயத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிற நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். ஒரு மாலை டூட்டி முடிந்து கணவருடைய ஆபீசுக்கு வந்தார். குடோனில் முத்துமாரியைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாம்மா, நீ இங்க உக்காந்துருக்க?"

முத்துமாரி நடந்ததைச் சொன்னாள். ஜெயசீலி குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"அவரு வந்துட்டுப் போனா எது வரைக்கும் நல்லா ஓடுது?"

"கரண்ட் போற வரைக்கும் சிஸ்டர். ஆப் பண்ணிப் போட்டா மறுபடி அதே பேஜார்."

"பழம், கயிறு, எண்ணெய், மந்திரம், துணி... இதுல எது எல்லா எடத்துலயும் இருக்கு?"

முத்துமாரி யோசித்தாள். "எங்க ஆபீசுல எண்ணெய். பாய் கம்பெனில கயிறு. பழம் எல்லா எடத்துலயும் கெடையாது. ஆப் பண்ணிப் போடறதும், துணிக்குள்ள கைய விடறதும் மட்டும் எல்லா எடத்துலயும் உண்டு."

"அப்போ மத்ததெல்லாம் தள்ளு. துணிக்குள்ள கைக்கு இன்னா வேல?"

முத்துமாரிக்குச் சட்டென்று உறைத்தது. துணிக்குள் கீபோர்டு இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு சில நொடி ஒரு பட்டியல் வரும். மேலே புதிய கெர்னல், கீழே பழைய கெர்னல். சும்மா விட்டால் புதியதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்டேட் செய்தாலும் பழையது அழிந்துபோவதில்லை. கீழ் அம்புக்குறியை அமுக்கி என்டர் தட்டினால் பழையதே எழுந்து வரும், பழைய டிரைவரோடு!

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அமுக்கினாள். ஷூ திரையில் பம்பரம் போலச் சுற்றியது.

ஜெயசீலி கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க. பழமும் இல்ல, எண்ணெயும் இல்ல. இந்தப் பொண்ணு கைதான் பட்டுச்சு."

தேவானந்தம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பரவசத்தோடு சொன்னார்: "சாமியோட சக்தியப் பாத்தியா! போன தடவ போட்ட கட்டோட மிச்சமே இவ்ளோ வேல செய்து!"

இந்த ஆளுக்குத் தனியாகச் சொன்னால் ஏறாது, ஊரே பார்க்கிற இடத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று ஜெயசீலி முடிவு செய்தார்.

அப்படித்தான் மூன்று பேரும் முதலில் சொன்ன திருமண மண்டபத்தில் சித்தர் நடத்திய கூட்டு தோஷ நிவர்த்திக்கு வந்து சேர்ந்தார்கள். தேவானந்தம் பக்தியோடு வந்தார். ஜெயசீலி லீவு போட்டுவிட்டு வந்தார். முத்துமாரி கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோஷமுள்ள கை என்றாலும் சுமை தூக்க அதை யாரும் தடுக்கவில்லை.

மேடையில் முதல் பெட்டியாக அவர்களுடையதே ஏறியது. திரையை மாட்டினார்கள். சித்தர் சிவப்புத் துணியை உதறினார். ஜெயசீலி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, ஒரு சின்ன வேண்டுதல். உங்க பழம், எண்ணெய், கயிறு, மந்திரம் எல்லாம் இருக்கட்டும். கம்மி பண்ண வேணாம். கீபோர்ட மட்டும் கழட்டி என் மடில வச்சிக்கறேன்."

சித்தரின் கையில் துணி பாதி விரிந்தபடி நின்றது.

"கீபோர்டு இல்லாம எப்டிம்மா? சிஸ்டத்துக்கு அதான் காது. மந்திரம் எது வழியா உள்ள போவும்?"

"உங்க குரல் மண்டபத்துக்கு வெளிய டீக்கட வரைக்கும் கேக்குது சாமி. கிட்டக்க இருக்கற பெட்டிக்குக் கேக்காதா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கையுறைக் கம்பெனி முதலாளி ரஷீத் அஹமது, "செஞ்சு காட்டிடுங்க சாமி. உங்களுக்கு இது ஒரு விஷயமா?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். சித்தருக்கு அதுதான் பெரிய ஆபத்தாகப் போயிற்று. எதிரியென்றால் விரட்டலாம், பக்தனை என்ன செய்வது?

கீபோர்டு ஜெயசீலியின் மடிக்குப் போனது. சித்தர் துணியை மூடினார். என்றுமில்லாத நீளத்துக்கு மந்திரம் சொன்னார். சமஸ்கிருதம் தீர்ந்து, தெலுங்கு தீர்ந்து, கடைசியில் கம்ப்யூட்டர் உதிரிபாகங்களின் பெயர்களே வர ஆரம்பித்தன. துணியை எடுத்தார். முத்துமாரி மவுஸைப் பிடித்து ஒரு கட்டத்தை இழுத்தாள். அனுமார் வால் நீண்டது.

"பொம்பள மடில வச்சா எப்டி ஓடும்?" என்று சீறினார் சித்தர்.

"நியாயம். இந்தாங்க சாமி, கீபோர்ட நீங்களே வச்சிக்கங்க. துணி மட்டும் வேணாம். நாங்க பாக்கறோம்."

"பாத்தா பார்வை போய்டும்னு சொல்லியிருக்கேன்!"

"நான் கண் வார்டுலதான் சாமி வேல பாக்கறேன். போனா அங்கயே பெட் போட்டுப் பாத்துக்கறேன். மத்தவங்க பயந்தா கண்ண மூடிக்கட்டும்."

யாரும் மூடவில்லை. இவ்வளவு நாள் மூடியிருந்த கண்களெல்லாம் மேடையை முறைத்துக்கொண்டிருந்தன. சித்தர் கீபோர்டைத் தொடவே இல்லை. இன்று நட்சத்திரம் சரியில்லை என்றார்.

"நட்சத்திரம் எனக்குப் பரவால்ல" என்று முத்துமாரி முன்னால் வந்தாள். கீபோர்டை வாங்கி மாட்டி அதில் கை வைத்தாள். எத்தனையோ நாளாக எல்லாரும் விலகி விலகிப் போன கை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பட்டியல் வந்தது. கீழ் அம்புக்குறி. என்டர். கட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது, வால் இல்லை. மறுபடி அணைத்துப் போட்டு எதையும் தொடாமல் விட்டாள். வால் வந்தது. இன்னொரு தடவை அம்புக்குறி. வால் போய்விட்டது. தோஷம் அவள் சொன்னபடி வந்து போய்க்கொண்டிருந்தது.

சித்தர் சளைத்தவர் இல்லை. "நான் செஞ்சதும் அதானே! நான் அருள்னு சொன்னேன், இந்தப் பொண்ணு அம்புக்குறின்னு சொல்லுது. பேர்லதான் வித்தியாசம்!" என்றார்.

அந்த நேரத்திலும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ரஷீத் அஹமது எழுந்து நின்றிருந்தார்.

"அம்புக்குறின்னா அம்புக்குறின்னே சொல்லியிருக்கலாமேய்யா. எங்க ஆபீசுல கம்ப்யூட்டர் பாத்துகினு இருந்த பில்கிஸ எதுக்குத் தொரத்தச் சொன்ன? ராசியில்லாத கைன்னியே! அந்தப் பொண்ணு அழுதுகினே போச்சு. இவங்க ஆபீசுல இந்தப் பொண்ணு. எதுக்கு?"

சித்தர் பின்வாசலைப் பார்த்தார். ஜெயசீலி சொன்னார்:

"நான் சொல்றேன் பாய். நீங்கல்லாம் கண்ண மூடிக்கினீங்க. நாள் பூரா அந்தத் திரையப் பாத்துகினு இருக்கறது இந்தப் பொண்ணுங்க மட்டும்தான். இவங்க அங்க உக்காந்திருந்தா என்னிக்காவது ஒருநாள் கண்டுபுடிச்சிருப்பாங்க. அதனாலதான் மொதல்ல இவங்கள வெளிய அனுப்பிட்டாரு."

மண்டபத்தில் சத்தம் கிளம்பியது. சித்தர் பழப் பையை எடுக்காமலே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். துரத்தியவர்களில் முன்னால் ஓடியவர் தேவானந்தம். ஏமாந்தவன் வேகம் அப்படி.

மறுநாள் அவர் குடோன் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "மனசுல வச்சுக்காதம்மா" என்றார்.

"வச்சுப்பேன் சார்" என்றாள் முத்துமாரி. "என் சீட்டுலயும் உக்காருவேன். மொதல்ல டிரைவரப் புது கெர்னலுக்குப் போடணும். சும்மா சும்மா அம்புக்குறி அமுக்கினு இருக்க முடியாது. அப்புறம் பில்கிஸ் அக்காவையும் கூட்டினு போய் மத்த ஆபீசுங்களுக்கும் போட்டுக் குடுக்கறேன். நேரம் குடுங்க."

கொடுத்தார். அந்த மாத முடிவுக்குள் இரண்டு பெண்களும் ஊர் முழுக்கப் போய்ச் சரிசெய்துவிட்டார்கள். கரண்ட் போனது, வந்தது. திரை மட்டும் மெதுவாகவில்லை.

அதற்குள் ஊர் என்ன செய்தது தெரியுமா? அவர்கள் டிரைவர் போடப் போன ஒரு அச்சகத்தில் கீழ் அம்புக்குறிப் பொத்தானுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். முத்துமாரி ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். அச்சகக்காரர் பயபக்தியோடு பக்கத்தில் வந்து, "அப்போ இனிமே எந்தக் கெழமைல அப்டேட் பண்ணா நல்லதும்மா?" என்று கேட்டார்.

அவள் அவரை உட்காரவைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எழுத்துகள் ஓடுகிற இடத்தில் நிறுத்திக் காட்டினாள். புதிய கெர்னலுக்கு டிரைவர் கிடைக்கவில்லை, பொது டிரைவரில் ஓடுகிறது என்று ஒரு வரி இருந்தது. முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு தடவையும் அந்த வரி வந்துகொண்டுதான் இருந்தது.

"இத நான் பாத்ததே இல்லியே!" என்றார் அவர், சாமி தரிசனம் கண்டவர் போல.

அவர் அச்சுக்கூடம் நடத்துகிறவர் ஐயா! காலையிலிருந்து இரவு வரை எழுத்தோடு புழங்குகிறவர். ஊரில் வீட்டுக்கு ஒரு டிகிரி, தெருவுக்கு ஒரு ஸ்கூல். இத்தனை பேர் படித்து என்ன? வியாதி இன்னதென்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டியது. அதைப் படிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை, பெண்பிள்ளையின் கையைப் படிக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.